காகிதம் இருக்கிறது, பத்திரிகை எங்கே?

காவிரிக்குக் கிழக்கே பள்ளிபாளையம், மேற்கே ஈரோடு. இடையில் இருப்பது ஒரு பாலந்தான். பள்ளிபாளையத்தில் இரண்டு தொழில்கள் பெயர் பெற்றவை. ஒன்று விசைத்தறி, மற்றொன்று காகிதம். 1960-இல் தோன்றிய சேஷசாயி காகித ஆலை இந்த ஊரில்தான் இருக்கிறது. கரும்புச் சக்கையும் மரமும் உள்ளே போகின்றன. எழுதவும் அச்சிடவும் ஏற்ற வெள்ளைக் காகிதம் வெளியே வருகிறது.

ஒரே ஊரில் தறியும் காகிதமும் அக்கம் பக்கமாக இருக்கும்போது, தறித் தொழிலாளியின் வாழ்வும் தாழ்வும் அந்தக் காகிதத்தில் ஏறியிருக்க வேண்டும் அல்லவா? ஏறியதா என்பதுதான் கேள்வி.

2025-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் நாட்டையே திடுக்கிட வைத்த ஒரு செய்தி இந்த ஊரிலிருந்து புறப்பட்டது. கடனைத் தீர்க்க வழி தெரியாத விசைத்தறித் தொழிலாளர்கள் தரகர்களின் பேச்சைக் கேட்டுத் தங்கள் சிறுநீரகத்தையே விற்றார்கள் என்பது செய்தி. சர்க்கார் விசாரணை நடந்தது. உயர்நீதிமன்றமும் தலையிட்டது. தினசரிகள் தங்கள் கடமையைச் செய்தன. நாலு பத்தித் தலைப்புகளில் செய்தி வந்தது. பிறகு நாலு பத்தி இரண்டு பத்தியாயிற்று. இரண்டு பத்தி மூலையில் ஒரு துணுக்காயிற்று. அடுத்த பரபரப்பு வந்து சேர்ந்தது.

தினசரியைக் குறை சொல்லிப் பயனில்லை. நேற்று நடந்ததை இன்று காலையில் சொல்லுவது அதன் தொழில். ஆனால் ஒருவன் உடம்பின் உறுப்பை விற்கும் நிலைக்கு நேற்று ஒரே நாளில் வந்துவிடுவதில்லை. வருஷக் கணக்கில் நடந்துதான் அந்த இடத்துக்கு வருகிறான். அந்த வழியைப் பின்னோக்கி நடந்து பார்ப்பதற்கு வேறு வகைப் பத்திரிகை வேண்டும். யாருக்கும் கைகட்டி நில்லாத, உழைப்பவன் பக்கம் சாய்ந்த, அரசியலையும் கலாசாரத்தையும் சேர்த்து ஆராய்கிற சிறு பத்திரிகையே அது.

செய்திக்குப் பின்னால் உள்ள செய்தி

பள்ளிபாளையம், குமாரபாளையம் வட்டாரத்தில் 'பாக்கி' என்றால் சின்னக் குழந்தைக்கும் அர்த்தம் தெரியும். தொழிலாளி தறியில் சேரும்போது முதலாளியிடம் முன்பணம் வாங்குகிறான். பெண்ணின் கலியாணம், தாயின் வைத்தியம், பழைய கடன் என்று அந்தப் பணம் வந்த வேகத்தில் போய்விடுகிறது. பாக்கி மட்டும் நிற்கிறது. வேறு தறிக்குப் போகவேண்டுமென்றால், புதிய முதலாளி பழைய முதலாளியின் பாக்கியைத் தீர்த்தாக வேண்டும். ஆள் இடம் மாறுகிறான். பாக்கி அவனோடு கூடவே போகிறது. அது போதாதபோது வட்டிக்காரன் வாசலுக்கு வருகிறான்.

தரகனைப் பிடித்துச் சிறையில் போடலாம், போடத்தான் வேண்டும். ஆனால் பாக்கியைச் சிறையில் போட முடியுமா? இந்த ஏற்பாடு எப்படி வந்தது, யாருக்கு லாபம், கூலி ஏன் உயரவில்லை, சட்டம் இருந்தும் ஏன் பலிக்கவில்லை, கலியாணச் செலவுக்கும் ஜாதிக் கௌரவத்துக்கும் இதில் என்ன பங்கு என்பதையெல்லாம் முப்பது பக்கத்தில் நிதானமாக ஒருவர் எழுதவேண்டும். எழுதுகிறவருக்கு முதலாளியின் விளம்பரம் தேவைப்படக் கூடாது. கட்சித் தலைவரின் முகக்குறி பார்க்கவேண்டிய அவசியமும் இருக்கக் கூடாது. அப்படிப்பட்டவருக்கு இடம் கொடுப்பதற்காகவே சுதந்திரப் பத்திரிகைகள் பிறக்கின்றன.

இந்த மண்ணின் பழக்கம்

சேலம், நாமக்கல் சமவெளிக்கு இது புதிய பழக்கமல்ல. 1997-இல் நாமக்கல் தனி ஜில்லாவாகும் வரையில் எல்லாம் சேலம் ஜில்லாதான். ராசிபுரத்தில் 1887-இல் பிறந்த டாக்டர் வரதராஜுலு நாயுடு, மதுரை ஆலைத் தொழிலாளர்களிடையே பேசியதற்காக 1918-இல் வழக்கைச் சந்தித்தவர். அவர் 1919-இல் சேலத்தில் 'தமிழ்நாடு' பத்திரிகையைத் தொடங்கினார். அதில் எழுதியவற்றுக்காகச் சிறையும் சென்றார். அவர் இடதுசாரியல்ல, ஆனாலும் அதிகாரத்தின் முகத்துக்கு நேரே எழுதும் துணிச்சலை இந்த ஜில்லாவுக்குக் கற்றுக் கொடுத்தவர்களில் அவர் ஒருவர்.

பத்து ஆண்டுகளுக்குப் பின் திருச்செங்கோட்டுக்கு அருகே புதுப்பாளையம் காந்தி ஆசிரமத்திலிருந்து ராஜாஜி 'விமோசனம்' என்ற மதுவிலக்குப் பத்திரிகையை நடத்தினார். உதவியாசிரியராக இருந்தவர் கல்கி. 1929-இல் தொடங்கிய அந்தப் பத்திரிகை பத்தே இதழ்கள் வந்தது. மின்விளக்கில்லாத கிராமத்தில் உட்கார்ந்துகொண்டு, கள்ளுக்கடையை ஒழிக்க ஒரு பத்திரிகை நடத்தலாம் என்று அந்த இருவரும் நம்பினார்கள். கொள்கையில் ராஜாஜியோடு ஒத்துப்போகாதவர்களும் அந்த நம்பிக்கையை மெச்சத்தான் வேண்டும்.

பாலத்துக்கு அப்பால்

பள்ளிபாளையத்துப் பாலத்தைத் தாண்டினால் ஈரோடு. தமிழ்நாட்டில் கலாசார விமரிசனத்தையும் அரசியல் விமரிசனத்தையும் ஒரே ஏரில் பூட்டி உழுத பத்திரிகை அங்கேதான் பிறந்தது. 1925-ஆம் ஆண்டு மே மாதம் 2-ஆம் தேதி பெரியார் ஈ.வெ.ரா. 'குடிஅரசு' வார இதழைத் தொடங்கினார். கோயிலும் கலியாணமும், ஜாதியும் வட்டியும், புராணமும் சட்டசபையும் ஒரே இதழில் விசாரணைக்கு வந்தன. மார்க்ஸும் எங்கெல்ஸும் எழுதிய கம்யூனிஸ்டு அறிக்கையின் தமிழாக்கம் 1931-இல் 'குடிஅர'சில் வெளிவரத் தொடங்கியது. சிங்காரவேலர் விஞ்ஞானத்தையும் சமதர்மத்தையும் எளிய தமிழில் எழுதியதும் அதிலேதான்.

சர்க்கார் சும்மா இருக்கவில்லை. 1933 அக்டோபரில் இன்றைய ஆட்சிமுறை ஏன் ஒழியவேண்டும் என்பது பற்றி வெளிவந்த தலையங்கம் ராஜத்துரோகமென்று வழக்குத் தொடரப்பட்டது. பெரியாரும், வெளியிடும் பொறுப்பை ஏற்றிருந்த அவருடைய தங்கை கண்ணம்மாளும் தண்டிக்கப்பட்டார்கள். 'குடிஅரசு' நின்றபோது 'புரட்சி' வந்தது. 'புரட்சி' நின்றபோது 'பகுத்தறிவு' வந்தது. 1935-இல் 'குடிஅர'சே திரும்பி வந்தது. பெயரைத்தான் சர்க்காரால் நிறுத்த முடிந்தது. வாசகன் இருந்தவரை பத்திரிகை இருந்தது.

ஆனால் கதையின் மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். 1934-இல் கம்யூனிஸ்டுக் கட்சி தடை செய்யப்பட்டது. பகத்சிங்கின் 'நான் ஏன் நாத்திகன்?' என்ற கட்டுரையைத் தமிழில் தந்த ஜீவானந்தமும், வெளியிட்ட ஈ.வெ. கிருஷ்ணசாமியும் 1935-இல் கைதானார்கள். சமூக சீர்திருத்த வேலையாவது பிழைக்கட்டும் என்று பெரியார் சமதர்மப் பிரசாரத்தை அடக்கி வாசிக்க முடிவு செய்தார். ஜீவா போன்ற இளைஞர்களுக்கு அது பொறுக்கவில்லை. அவர்கள் பிரிந்தார்கள். 1937-இல் 'ஜனசக்தி' பிறந்தது.

இதில் யார் சரி, யார் தவறு என்று இன்று தீர்ப்புச் சொல்லுவது சுலபம். சிறையும் ஜாமீன் தொகையும் தலைக்கு மேல் தொங்கும்போது சொல்லுவது சுலபமல்ல. ஆனால் ஒன்று மட்டும் விளங்குகிறது. பத்திரிகையின் சுதந்திரம் என்பது ஒரு முறை வாங்கிப் பெட்டியில் பூட்டி வைக்கும் நகையல்ல. ஒவ்வோர் இதழுக்கும் அதைப் புதிதாகச் சம்பாதிக்க வேண்டும்.

சொந்த வீட்டுத் தடை

சர்க்காரின் தடையாவது வெளியிலிருந்து வருகிறது, கண்ணுக்குத் தெரிகிறது. சொந்த வீட்டிலிருந்து வரும் தடைதான் பெரிய தொல்லை.

இடதுசாரி இயக்கத்தில் வளர்ந்த வ. விஜயபாஸ்கரன் 1955-இல் 'சரஸ்வதி'யைத் தொடங்கினார். 1962 வரையில் அது வந்தது. ஜெயகாந்தனின் கதைகள் அதில் தொடர்ந்து வந்தன. சுந்தர ராமசாமியின் 'ஒரு புளியமரத்தின் கதை' அதில்தான் தொடராக ஆரம்பித்தது. பத்திரிகை நின்றுபோனதால் தொடரும் நின்று, 1966-இல்தான் முழு நாவலாக வந்தது. கட்சிக்காரர்களின் எழுத்தோடு, கட்சிக்கு ஆகாதவர் என்று பெயரெடுத்த க.நா.சு.வின் எழுத்துக்கும் 'சரஸ்வதி' இடம் கொடுத்தது. நல்ல எழுத்து எங்கிருந்து வந்தாலும் போடுவது ஆசிரியரின் கொள்கை. தோழர்களில் பலருக்கு அது ரசிக்கவில்லை. 1959-இல் ஜீவாவின் முயற்சியில் 'தாமரை' மலர்ந்தது. 'தாமரை' செய்த நல்ல காரியங்கள் பல, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் கட்சியின் ஆதரவு ஒரு பக்கம் போனபோது, தனியாக நின்ற பத்திரிகை தள்ளாடியது என்பதும் மறுக்க முடியாதது.

இங்கே ஒரு பாடம் இருக்கிறது. கட்சிப் பத்திரிகை தேவைதான். அது தொண்டனுக்கு வழி காட்டுகிறது. போராட்டத்துக்கு ஆள் திரட்டுகிறது. ஆனால் கட்சியே தவறும்போது அதைச் சொல்லுவதற்குக் கட்சிப் பத்திரிகையால் முடிவதில்லை. சொல்லுவதற்கு ஒரு நண்பன் வேண்டும். அந்த நண்பன் வேறு வீட்டில் குடியிருக்க வேண்டும்.

1990-களில் அ. மார்க்ஸ், ரவிக்குமார், பொ. வேல்சாமி ஆகியோர் நடத்திய 'நிறப்பிரிகை' அப்படி வேறு வீட்டில் குடியிருந்த நண்பன். வர்க்கம் என்று பேசுகிற இடதுசாரிகள் ஜாதியைப் பற்றி ஏன் தயங்குகிறார்கள் என்று அது கேட்டது. கேட்ட விதம் சிலருக்குக் காரமாக இருந்தது. ஆனால் தலித் எழுத்தும் தலித் அரசியலும் இன்று தமிழில் பெற்றிருக்கும் இடத்துக்கு அந்தக் காரமும் ஒரு காரணம்.

சேலத்தில் எட்டு இதழ்கள்

சேலத்துக்கே திரும்பலாம். கவிஞர் சி. மணியும் நண்பர்களும் 1968-இல் சேலத்திலிருந்து 'நடை' என்ற காலாண்டு இதழைக் கொண்டுவந்தார்கள். 1970 வரையில் எட்டு இதழ்கள். இதை இடதுசாரிப் பத்திரிகை என்று யாரும் சொல்லமாட்டார்கள். அதன் அக்கறை இலக்கியம். ஆனால் ஞானக்கூத்தன் போன்ற புதுக்குரலுக்குத் தொடக்கத்திலேயே இடம் கொடுத்தது சென்னையின் பெரிய பத்திரிகையல்ல. சேலத்தின் இந்தச் சிறிய பத்திரிகைதான். எட்டே இதழ்கள் என்று இகழ்வதற்கில்லை. விதை நெல்லை மூட்டைக் கணக்கில் யாரும் அளப்பதில்லை.

கோவையிலும் இந்த வேள்வி நடந்தது. தமிழாசிரியராக இருந்த ஞானி 'பரிமாணம்', 'நிகழ்' ஆகிய பத்திரிகைகளில் மார்க்ஸியத்தையும் தமிழ் மரபையும் ஒன்றோடொன்று பேசவைத்தார். கண்பார்வையை இழந்த பின்னும் பிறரைப் படிக்கச் சொல்லிக் கேட்டு, பிறரை எழுதச் சொல்லி, பத்திரிகையை நடத்தினார். 2020-இல் அவர் மறைந்தபோது, அவரிடம் கட்சி ரீதியாகச் சண்டை போட்டவர்களும் கண் கலங்கினார்கள்.

1981-இலிருந்து 1991 வரை வந்த 'மன ஓசை' புரட்சிகர இடதுசாரிகளின் பத்திரிகை. திருச்செங்கோட்டு மண்ணிலிருந்து வந்த பெருமாள்முருகன் அதன் ஆசிரியர் குழுவில் இருந்தவர். மேட்டுக்காட்டு விவசாயிக்கும், ஆடு மேய்க்கும் பையனுக்கும், சோடாக்கடைச் சிறுவனுக்கும் நாவலில் இடம் உண்டு என்ற துணிச்சல் வருவதற்கு இத்தகைய பத்திரிகைகளின் பயிற்சி உதவாமல் போகுமா?

அதே பெருமாள்முருகனுக்கு நேர்ந்ததையும் இந்தச் சமவெளி மறக்கவில்லை. 2010-இல் வெளியான 'மாதொருபாகன்' நாவலை எதிர்த்து 2014 டிசம்பரில் கிளர்ச்சி எழுந்தது. 2015 ஜனவரியில் திருச்செங்கோட்டில் கடையடைப்பு நடந்தது. நாமக்கல்லில் அதிகாரிகள் முன்னிலையில் பேச்சுவார்த்தை நடந்தது. எழுத்தாளர் இனி எழுதுவதில்லை என்று அறிவித்தார். 2016 ஜூலை 5-ஆம் தேதி சென்னை உயர்நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்த பிறகே நிலைமை மாறியது.

அந்த நாவல் சிலர் மனத்தைப் புண்படுத்தியிருக்கலாம். புண்பட்டவர்களுக்கும் பேச உரிமை உண்டு. ஆனால் எங்கே பேசுவது? பக்கம் பக்கமாக எழுதி, பதில் எழுதி, பதிலுக்குப் பதில் எழுதித் தீர்க்கவேண்டிய விவாதம், கடைவீதியில் கதவடைப்பாகவும் அலுவலகத்தில் சமரசமாகவும் முடிந்தது. விவாதத்துக்கென்று ஊரில் ஒரு மேடை பழகியிருந்தால் வீதிக்கு அவ்வளவு வேலை இருந்திராது.

வரவும் செலவும்

இத்தனை அவசியமான பத்திரிகைகள் ஏன் அற்ப ஆயுளில் போய்விடுகின்றன? சர்க்காரின் அடக்குமுறை என்பது பாதி விடை. மீதிப் பாதியை வாசகர்கள் அவ்வளவாக விரும்பமாட்டார்கள். இருந்தாலும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

ஆயிரம் பிரதி போடுகிற ஒரு மாதப் பத்திரிகையைப் பார்க்கலாம். காகிதக் கடைக்காரருக்கு ரொக்கம் கொடுக்கவேண்டும். அச்சகத்துக்குப் பாதியாவது முன்னால் கட்டவேண்டும். தபாலுக்குத் தலை ஒட்டியாக வேண்டும். கடைக்குப் போட்டால் ஏஜெண்டுக்குக் கமிஷன் போகும். விற்ற பணம் வருவதற்கு மாதங்கள் ஆகும். விற்காதது கட்டாகத் திரும்பி வரும். விளம்பரம் கேட்டுப் போனால், ஜவுளிக்கடைக்காரர் பத்திரிகையைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதில் நம்ம ஆளையே திட்டியிருக்கிறதே!" என்று திருப்பிக் கொடுப்பார். ஆசிரியருக்குச் சம்பளம் கிடையாது. எழுதுகிறவருக்குச் சன்மானம் கிடையாது. 'உழுகிறவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது' என்ற பழமொழி இவர்களுக்கென்றே ஏற்பட்டது போலும்.

சரி, வாசகர் என்ன செய்கிறார்? ஒருவர் வாங்கிய பிரதியைப் பதினைந்து பேர் படிக்கிறார்கள். படிப்பது நல்லதுதான். படித்துவிட்டு ஆசிரியரைக் கூட்டத்தில் கண்டால் கையைப் பிடித்துக்கொண்டு, "ரொம்ப அவசியமான பணி, விட்டுவிடாதீர்கள்!" என்கிறார்கள். சந்தா விஷயம் வரும்போது மட்டும், "அடுத்த மாதம் அனுப்பி விடுகிறேன்" என்கிறார்கள். அடுத்த மாதம் வருகிறது; சந்தா வருவதில்லை. சில மாதம் கழித்துப் பத்திரிகையும் வருவதில்லை. அப்போது, "நல்ல பத்திரிகை, பாவம், நின்று போயிற்று" என்று அனுதாபம் மட்டும் தவறாமல் வருகிறது.

சர்க்கார் கொன்ற பத்திரிகை வேறு பெயரில் எழுந்து வந்ததை 'குடிஅர'சில் பார்த்தோம். பாராட்டுப் பெற்றே பட்டினி கிடந்த பத்திரிகை எழுந்து வந்ததாகச் சரித்திரம் இல்லை.

வெளிநாட்டு உதாரணம் ஒன்று. அமெரிக்காவில் 1949 மே மாதத்தில் 'மந்த்லி ரெவ்யூ' என்ற சோஷலிஸ்டு மாதப் பத்திரிகை தொடங்கியது. அந்நாட்டில் கம்யூனிஸ்டு என்ற பேச்சைக் கேட்டாலே வேலை போகும் காலம் அது. முதல் இதழில் 'சோஷலிஸம் ஏன்?' என்று எழுதியவர் விஞ்ஞானி ஐன்ஸ்டைன். கையில் இருந்த சந்தாதாரர்கள் 450 பேர். அந்த 450 பேர் பணம் கட்டிவிட்டுக் காத்திருந்தார்கள். பத்திரிகை முக்கால் நூற்றாண்டைக் கடந்து நிற்கிறது. ஐன்ஸ்டைனின் பெயர் முதல் இதழுக்கு உதவியிருக்கும். அதன் பிறகும் பத்திரிகைக்குச் சந்தா வேண்டும்.

நம் நாட்டிலும், டில்லியிலிருந்து வந்த 'செமினார்' பத்திரிகை நெருக்கடி நிலைக் காலத்தில் தணிக்கைக்குத் தலைவணங்க மறுத்து 1976-இல் தன்னைத்தானே நிறுத்திக்கொண்டது. நிலைமை மாறியதும் மீண்டும் வந்தது. நிறுத்தவும் துணிவு வேண்டும். திரும்பி வருவதற்கு வாசகர் வேண்டும்.

குற்றம் இல்லாமல் இல்லை

பத்திரிகை நடத்துகிறவர்கள் மீதும் குற்றம் உண்டு. மாதப் பத்திரிகை என்று சொல்லிவிட்டு மூன்று மாதத்துக்கு ஒன்று போட்டால் சந்தா கட்டியவர் என்ன நினைப்பார்? தறித் தொழிலாளியைப் பற்றி எழுதிய கட்டுரை தறித் தொழிலாளிக்குப் புரியாவிட்டால் அது யாருக்காக எழுதப்பட்டது? மேல்நாட்டுத் தத்துவப் பெயர்களைக் கோத்து மாலையாக்குவது மட்டும் விமரிசனமாகிவிடாது. அக்கம் பக்கத்துப் பத்திரிகையோடு பத்துப் பக்கம் சண்டை போட்டு, பஞ்சப்படிக்கு ஒரு பக்கம் ஒதுக்குவதும் நடந்திருக்கிறது. ஐந்து நண்பர்கள் சேர்ந்து ஆரம்பித்து, மூன்றாம் இதழில் இருவராகி, ஐந்தாம் இதழில் இரண்டு பத்திரிகையான வேடிக்கையும் உண்டு.

சிங்காரவேலர் விஞ்ஞானத்தையே எளிய தமிழில் எழுதிக் காட்டியிருக்கிறார். ஆழமும் தெளிவும் ஒன்றுக்கொன்று பகையல்ல. இந்தக் குற்றங்களைத் திருத்திக்கொண்டு வரட்டும் என்று வாசகர் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். ஆனால் கேட்பவர் சந்தாதாரராக இருந்தால் அந்தக் கேள்விக்குப் பலம் அதிகம்.

இப்போது கைபேசியில் எல்லாம் வந்துவிடுகிறதே, பத்திரிகை எதற்கு என்பாரும் உண்டு. வருவது உண்மை. காலையில் வந்தது மாலையில் கீழே போய்விடுகிறது என்பதும் உண்மை. அச்சோ திரையோ, வடிவம் எதுவானாலும் சரி. ஒரு விஷயத்தை மூன்று மாதம் விசாரித்து எழுதுகிறவருக்கு யாராவது சோறு போட்டாக வேண்டும். வாசகர் போடாவிட்டால் விளம்பரக்காரர் போடுவார். அல்லது கட்சிக்காரர் போடுவார். சோறு போடுகிறவருக்குத்தான் நன்றி காட்டத் தோன்றும். அது மனித சுபாவம்.

ஐயாயிரத்தில் ஒருவர்

2011 ஜனத்தொகைக் கணக்கின்படி சேலம், நாமக்கல் ஜில்லாக்கள் இரண்டிலும் சேர்த்து ஏறத்தாழ 52 லட்சம் பேர். ஐயாயிரம் பேருக்கு ஒருவர் சந்தா கட்டினால் ஆயிரம் சந்தாதாரர் வந்துவிடுகிறார்கள். ஆளுக்கு வருஷத்துக்கு 500 ரூபாய் என்றால் ஐந்து லட்ச ரூபாய். இதைக்கொண்டு மாளிகை கட்ட முடியாது. ஆனால் யாரிடமும் கைநீட்டாமல் ஒரு சிறு பத்திரிகையை ஓட்டத் தொடங்கலாம்.

இந்த ஐயாயிரத்தில் ஒருவர் எங்கே இருக்கிறார்? சேலத்து நெசவாளர் வீதியில் இருக்கிறார். உருக்காலையில் இருக்கிறார். நாமக்கல்லில் லாரிக் கூண்டு கட்டும் பட்டறையில் இருக்கிறார். கோழிப்பண்ணைக் கணக்குப்பிள்ளையாக இருக்கிறார். ஆத்தூர்ப் பக்கம் மரவள்ளிக் கிழங்கு போட்டு, ஜவ்வரிசி விலைக்காகக் காத்திருக்கும் விவசாயியின் வீட்டுப் பிள்ளையாக இருக்கிறார். மதிப்பெண்ணுக்கு நாடெங்கும் பெயர் பெற்ற நாமக்கல் பள்ளிக்கூடங்களில் ஆசிரியராக இருக்கிறார். பரீட்சைக்குப் படிப்பதில் முதலிடம் பிடித்த ஜில்லா, பரீட்சை இல்லாத படிப்புக்கும் ஓர் ஆயிரம் பேரைத் தரமுடியாதா?

ஒரு பழைய சம்பவத்தை நினைவூட்டலாம். 1950 பிப்ரவரி 11-ஆம் தேதி சேலம் சிறையில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 22 கம்யூனிஸ்டுக் கைதிகள் மாண்டார்கள். சேலத்தில் இன்று வழியோடு போகிற ஓர் இளைஞரை நிறுத்தி அதைப் பற்றிக் கேட்டால் எத்தனை பேருக்குத் தெரியும்? தினசரிக்கு அது ஒரு நாள் செய்தி. கட்சிக்கு அது ஆண்டுக்கொரு நாள் அஞ்சலி. ஏன் நடந்தது, யார் பொறுப்பு, பிறகு என்ன ஆயிற்று என்று தலைமுறைக்குத் தலைமுறை கேட்டு எழுதி வைப்பதற்கு ஓர் இடம் இல்லாவிட்டால், ஊர் தன் கதையைத் தானே மறந்துவிடும்.

பள்ளிபாளையத்துச் சிறுநீரகச் செய்தியும் அப்படித்தான் ஆகுமா? தரகர் பெயர் மறந்து, விசாரணை மறந்து, கடைசியில் விற்றவனின் வயிற்றில் உள்ள தழும்பு ஒன்றே சாட்சியாக நிற்குமா?

ஆலையில் காகிதம் தயாராகிறது. லாரி லாரியாக வெளியூர் போகிறது. அதில் ஒரு சிறு கட்டு இந்த மண்ணிலேயே தங்கி, இந்த மண்ணின் பாக்கியைக் கணக்கெழுதட்டும். எழுதுவதற்கு ஆள் கிடைப்பார்கள், எப்போதும் கிடைத்திருக்கிறார்கள். சேலத்து வாசகரும் நாமக்கல் வாசகரும் தீர்க்கவேண்டிய பாக்கி ஒன்றே ஒன்றுதான். அதற்குப் பெயர் சந்தா.